ஊரில் இருந்த ஓட்டு

நம்மில் பலருடைய பிள்ளைகளுக்கு இப்போது பதினெட்டு ஆகியிருக்கும். பெருமையோடு வாக்காளர் அட்டை வாங்கிக் கொடுத்திருப்போம். நானும் கொடுத்தேன். போன தேர்தல் நாளன்று காலையில் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு மகளின் அறைக் கதவைத் தட்டினேன். கட்டிலில் குப்புறப் படுத்தபடி கைபேசியில் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தேர்தல் விவாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்டில் எந்த மாகாணம் எந்தப் பக்கம் சாயும் என்பது அவளுக்கு அத்துப்படி. தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "நமக்கும் இன்னிக்காம்மா?" என்றாள்.

திட்ட வாய் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதே கேள்வியை, பெங்களூர் ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஒரு பெண் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். மகள் எழுந்து வந்தாள், ஓட்டும் போட்டாள், விரலைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பவும் செய்தாள். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். தெரு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிறவர் யார் வீட்டு வாசல்படியிலாவது ஏறி நிற்க வேண்டும். வேலூர், குடியாத்தம், திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். தெருவிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி. கறுப்பு வெள்ளை, மரக் கதவு வைத்த பெட்டி. கதவைத் தள்ளினால் உருண்டு மடங்கி உள்ளே போகும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மேலே அம்மா பின்னிய வெள்ளை நூல் விரிப்பு. காற்றடித்தால் யாராவது மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். "இப்ப?" என்று மேலிருந்து குரல் வரும். "இல்ல, மூஞ்சி ரெண்டா தெரியுது!" என்று கீழிருந்து நாங்கள் கத்துவோம்.

ஒரே ஒரு நிலையம்தான் வரும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கன்னடச் செய்தி. அதற்குப் பிறகுதான் நாடகமோ பாட்டோ. பிந்தி வந்தால் இடம் கிடைக்காது என்று தெருப் பெண்கள் செய்திக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மடியில் பீன்ஸ் இருக்கும், பூத்தொடுக்க நார் இருக்கும். கனகாம்பரமும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் சேர்ந்த வாசனை. அவர்களுக்குச் செய்தி தேவையில்லை. ஆனால் இருந்ததே அதுதான். ஆகையால் கேட்டார்கள்.

புரிய வைத்தது என் சித்தி. அம்மாவின் தங்கை, எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. கன்னட மீடியத்தில் படித்தவள். ஆட்டோ ஓட்டும் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு, முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். டிவிக்கு நேர் கீழே உட்கார்ந்து வேகவேகமாகச் சொல்வாள். "பட்ஜெட்ல போர்வெல்லுக்குப் பணம் ஒதுக்கியிருக்காங்களாம்." "யாருக்கு?" "நமக்கில்ல, மாவட்டங்களுக்கு." "அப்போ எதுக்குடி சொல்றே?" சிரிப்பார்கள். ஆனால் மந்திரி யார், எங்கள் வார்டுக்கு மாநகராட்சிக் கார்ப்பரேட்டர் யார், தண்ணீர் வாரியத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பீன்ஸ் உரித்தபடியே அவர்கள் மண்டைக்குள் போய்விட்டது. ஒருமுறை தெரு விளக்கு எரியாதபோது, பூக்காரப் பெரியம்மா நேராக அலுவலகத்துக்குப் போய் அதிகாரியின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டு மிரட்டிவிட்டு வந்தாள். பெயரை எங்கே பிடித்தாள் என்றால், எங்கள் வீட்டு டிவியில்தான்.

அப்பாவுக்கு இந்தக் கன்னடச் செய்தி ஆகாது. அவருடைய செய்தி காலையில் பஸ்ஸில் வரும். ஓசூர் வழியாக வருகிற தமிழ்ப் பேப்பர். டீக்கடையில் வாங்கி, மடிப்புக் கலையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மை வாசனை எனக்குப் பிடிக்கும். முதலில் மேட்டூர் அணையின் நீர்மட்டம். இத்தனை அடி, உள்ளே வருவது இவ்வளவு, வெளியே போவது இவ்வளவு. குறைந்திருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் நல்ல வார்த்தை கிடைக்காது.

"மேட்டூர்ல இருக்கிறது இருக்கட்டும். நம்ம டிரம்முல எவ்வளவு இருக்குன்னு எட்டிப் பாருங்க" என்பாள் அம்மா.

டிரம்மில் இருக்காது. தெரு முனையில் இருந்த போர்வெல் குழாய்தான் எங்களுக்கெல்லாம். அந்தத் தண்ணீர் இரும்பு வாசனை அடிக்கும், வெள்ளைச் சட்டையைத் துவைத்தால் பழுப்பேறும், பருப்பு வேகாது. கன்னடக் குடும்பங்கள் அதிகம் இருந்த முன் தெரு வரைக்கும் காவேரிக் குழாய் வந்துவிட்டது. பெங்களூரில் குழாய்த் தண்ணீருக்கே 'காவேரி' என்றுதான் பெயர். எங்கள் தெரு முனையில் அது நின்றுவிட்டது. மேட்டூருக்கு வருகிற காவேரிக்காக அப்பா கவலைப்பட்டதில் நூறில் ஒரு பங்கு, முன் தெருவில் நின்றுபோன காவேரிக்காகப் பட்டிருக்கலாம். இது இன்றைக்குத்தான் எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்பா பேப்பர் படிக்கும் கம்பீரத்தைப் பார்த்து, பெரிய விஷயமெல்லாம் தூரத்தில்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் கேபிள் வந்தது. ஒரு பையன் மாடி மாடியாகத் தாவி, கறுப்பு வயரைத் துணிக்கொடிபோல் வீசிக்கொண்டே வந்தான். அப்பா போனஸ் பணத்தில் கலர் டிவி வாங்கிவிட்டார். மரக் கதவுப் பெட்டி திருப்பத்தூர் மாமா வீட்டுக்குப் போனது. முதல் நாள் தமிழ் சேனலில் ஒரு பெண் "வணக்கம்" என்று சொன்னபோது, அப்பா பதிலுக்கு வணக்கம் சொன்னார். கேலிக்காக இதைச் சொல்லவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்புதான் காவிரிக் கலவரத்தில், விளக்கை அணைத்து, வாசலில் தமிழில் எழுதியிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலடியில் போட்டுவிட்டு, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். அப்படிப்பட்ட ஒரு மனுஷனுக்கு, தன் பாஷை தன் வீட்டுக்குள் சத்தமாகக் கேட்பது என்னவாக இருந்திருக்கும்!

ஏழு மணிக்குச் சித்தி வழக்கம்போல் வந்தாள். தமிழ் சேனலில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. முன்பைவிடக் கூட்டம்.

"ஒரு பத்து நிமிஷம் மாத்துங்க மாமா, நியூஸ் மட்டும்" என்றாள்.

"அய்யோ பேடா, வேணாம்!" என்று பூக்காரப் பெரியம்மா கன்னடமும் தமிழுமாக அலறினாள். "அவ மாமியார்கிட்ட மாட்டிக்கிட்டிருக்கா, இப்ப போய் மாத்தச் சொல்றே!"

"கை தூக்குங்க. நியூஸ் வேணும்ங்கிறவங்க?" என்றார் அப்பா விளையாட்டாக.

சித்தி ஒருத்திதான் தூக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இன்னும் சில நாட்கள் வந்து பார்த்தாள். பிறகு, தைக்க நிறைய இருக்கிறது என்று நின்றுவிட்டாள். தமிழ் சேனலிலும் செய்தி வந்தது. தெருவே உட்கார்ந்து பார்த்தது. எட்டாத ஊர்களில் எந்தச் சாலை பழுது, எந்தத் தொகுதியில் யாருக்கு மனஸ்தாபம் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் கார்ப்பரேட்டர் பெயர் மெல்ல மறந்துபோனது.

சித்திக்கு மட்டும் வேறொரு வழியில் செய்தி வந்துகொண்டிருந்தது. ரவிக்கை அளவுக்கு மாதிரி வெட்ட, முன் தெரு வீடுகளிலிருந்து பழைய கன்னடப் பேப்பரை எடைக்கு வாங்கி வைத்திருப்பாள். கை, கழுத்து, முதுகு என்று கோடு போடும்போதே படிப்பாள். அதனால் அவள் சொல்லும் செய்தி எப்போதும் பழையதாக இருக்கும். சித்தப்பா கிண்டல் செய்வார்: "மழை வரும்னு இவ சொன்னா, அது பெஞ்சி காஞ்சி போயிருக்கும்."

மாநகராட்சித் தேர்தல் வரப்போகிறது, எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதும் அப்படித்தான் தெரிந்தது. போர்வெல் குழாயடியில் சொன்னாள். வரிசையில் குடம் வைத்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ நீயே நில்லுடி" என்றாள் பூக்காரப் பெரியம்மா.

"நானா? ரவிக்கை தைக்கிறவளா?"

"பின்ன? கார்ப்பரேட்டரு பொண்டாட்டி நிப்பா. அவளுக்கு நம்ம குழாய் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா? நீ நில்லு. காவேரியக் கொண்டாந்து வுடு."

அன்றைக்கே முடிவாகிவிட்டது. சித்தியின் முகம் ஒரு வாரம் பளபளத்தது. அப்பாவுக்கும் சந்தோஷம். "நம்ம தெரு ஓட்டு பூரா உனக்குத்தாம்மா. நீ முன் தெருவப் பாத்துக்க" என்றார். தமிழ்நாட்டுத் தொகுதிக் கணக்கெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவர் அவர். சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சித்தி நம்பினாள். நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

பிறகு ஒருநாள் மத்தியானம், பள்ளியிலிருந்து வந்து சித்தி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கத்தரி ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. வெட்டிய ரவிக்கைக் கை மாதிரியை மறுபடி பேப்பரோடு பொருத்தி வைத்துப் படித்தாள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எழுதித் தரலாம் என்று அறிவித்திருந்தார்கள். அந்தப் பேப்பர் அவள் கைக்கு வருவதற்குள் கெடு முடிய இரண்டே நாள்தான் பாக்கி. பட்டியலில் நம் தெருக்காரர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. சித்தி செருப்பைக்கூடப் போடாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, லிஸ்ட்ல உங்க பேரே இல்ல. நாளைக்குள்ள போய் எழுதிக் குடுத்துடலாம் வாங்க."

"எனக்குத்தான் ஓட்டு இருக்கேம்மா."

"எங்க இருக்கு?"

"ஊர்ல."

சித்திக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தமிழ்நாட்டில் தேர்தல் என்றால் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறுவார். மறுநாள் விரலில் மையும் கையில் ஆற்காடு மக்கன்பேடா இனிப்புப் பொட்டலமுமாக வந்து இறங்குவார். நாங்கள் பிள்ளைகள் அந்த விரலை மாறி மாறிப் பிடித்துப் பார்ப்போம். தெருவில் முக்கால்வாசி ஆண்கள் அப்படித்தான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்ததைப்போல, ஓட்டை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"ஊர்ல இருக்கிற ஓட்ட வெச்சிக்கிட்டு நான் என்ன மாமா பண்றது?"

"இங்க எழுதினா அங்க அடிச்சிடுவான்மா."

"அடிக்கட்டுமே. வருசத்துக்கு நாலு நாள் போற ஊரு."

"அப்படிச் சொல்லாத." அப்பா அப்போதுதான் டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். "அன்னிக்கி மாதிரி நாளைக்கும் எவனாவது கதவத் தட்டி, நீ எந்த ஊருக்காரன்னு கேப்பான். போய் நிக்க எனக்கு ஓர் இடம் வேணாமா? அந்த ஓட்டு இருக்கிற வரைக்கும் நான் அந்த ஊருக்காரன்."

"அன்னிக்கிக் கதவத் தட்டினப்ப வெளிய நின்னு பேசி அனுப்பினது யாரு? உங்க ஊரு எம்.எல்.ஏ.வா?"

உண்மைதான். கலவரத்தன்று கதவைத் தட்டியவர்களிடம் சித்திதான் வாசலில் நின்று கன்னடத்தில் பேசினாள். அப்பா மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். "அவர் வராட்டி போவட்டும். நான் வரேன்டி."

"அட்ரஸுக்கு என்ன காட்டுவே? ரேஷன் கார்டு இருக்கா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "கார்டு அண்ணன்கிட்ட இருக்கு" என்றார் அப்பா.

"அதுவும் ஊர்லயா?" சித்தி சிரிக்கத்தான் முயற்சி செய்தாள். "ஓட்டு ஊர்ல, கார்டு ஊர்ல. தாகம் மட்டும் இங்கயா மாமா?"

"சரி, விடு. டீ சாப்புட்டுப் போ" என்றாள் அம்மா.

சித்தி டீ சாப்பிடவில்லை. அன்றும் மறுநாளும் வீடு வீடாகப் போனாள். டிவிச் சத்தம் வருகிற ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். அதற்குள் தெருவில் பல வீடுகளில் டிவி வந்துவிட்டிருந்தது. எல்லா வீட்டிலும் ஓட்டு ஊரில் இருந்தது. மனைவிமார்களுக்கு இரண்டு இடத்திலும் இல்லை. வருகிறேன் என்று சொன்ன சிலரில் பூக்காரப் பெரியம்மா மட்டும் வந்தாள். முன்பு ஏழு மணிக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கன்னடச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தபோது இந்த அறிவிப்பு வந்திருந்தால், கெடு முடிவதற்கு எத்தனையோ நாள் முன்பே தெரிந்திருக்கும். கார்டை வரவழைக்கவாவது நேரம் இருந்திருக்கும். முன் தெருக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் வீட்டு கேட்டில் தினமும் காலையில் கன்னடப் பேப்பரும் இங்கிலீஷ் பேப்பரும் சொருகியிருக்கும். சித்திக்கு எடைக்கு வருவதே அவர்கள் படித்து முடித்ததுதான்.

ஆனாலும் அவள் விலகவில்லை. தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, இங்கேயே கார்டு வைத்திருந்தவர்களுக்கு ஓட்டு இருந்தது. கன்னடக் குடும்பங்களில் பலர் அவளை மதித்தார்கள். அவள் தைத்த ரவிக்கை போடாத பெண் முன் தெருவில் குறைவு. சுயேச்சையாக நின்றாள். தையல் மிஷின் சின்னம் கேட்டாள். அது வேறு யாருக்கோ போய், மேசை விளக்கு கிடைத்தது. "நம்ம தெருவுல கரண்டு இருந்தாத்தான ஓட்டு விழும்" என்றார் சித்தப்பா. அவருடைய ஆட்டோவிலேயே ஒலிபெருக்கி கட்டி, இரண்டு பாஷையிலும் சித்தியே பேசினாள். நாங்கள் பிள்ளைகள் பின்னால் ஓடினோம். அப்பாவும் முன் தெருவில் நோட்டீஸ் கொடுத்தார், வெட்கமில்லாமல் என்று எழுத வருகிறது. ஆனால் அவர் உண்மையான ஆசையோடுதான் கொடுத்தார்.

தேர்தல் நாள். பள்ளிக்கு விடுமுறை. சித்தி ஸ்டார்ச் போட்ட நீலப் புடவையில், மத்தியானத்துக்கு மேல் வாக்குச்சாவடியிலிருந்து தெருவுக்கு வந்தாள். ஓட்டு இருந்தவர்களிலேயே பாதிப் பேர் இன்னும் வந்து சேரவில்லை. எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே படத்தின் ஒரே பாட்டு வந்துகொண்டிருந்தது. விடுமுறை என்று சேனலில் புதுப்படம் போட்டிருந்தார்கள்.

எதிர்வீட்டு அக்கா பெங்களூரிலேயே பிறந்தவள், அவளுக்கு ஓட்டு இருந்தது. வாசலில் ஜடை பின்னியபடி, உள்ளே டிவியில் ஒரு கண்ணோடு நின்றாள்.

"என்னக்கா, இன்னும் வரலையே?" என்றாள் சித்தி.

"எதுக்கு?" பிறகு அவள் புடவையைப் பார்த்து, "அய்யய்யோ! நமக்கும் இன்னிக்கா? டிவியில ஒண்ணுமே சொல்லலியே!" என்றாள்.

"ஆமாக்கா. நமக்குத்தான்" என்றாள் சித்தி. "நமக்கு மட்டுந்தான்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கு, அவள் என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. படம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றாள் அக்கா. படம் முடிந்தபோது விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

சித்தி தோற்றாள். கார்ப்பரேட்டரின் மனைவி ஜெயித்தாள். பெரிய வித்தியாசம் இல்லை. முடிவு தெரிந்த சாயங்காலம் அப்பா பேப்பர் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், தமிழ்நாட்டுத் தொகுதிகளுக்குப் போடுவதுபோல. நம் தெரு வீடுகளை ஒன்றொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தார். கடைசி வீடு வரைக்கும் போகவில்லை, நடுவிலேயே பென்சிலை வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் டிவியைப் போடவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற வருஷம் அவர் தன் ஓட்டை இங்கே மாற்றிக்கொண்டார். சித்திக்குப் பிறகு எங்களுக்குத் தெரிந்த யாரும் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. காவேரிக் குழாய் எங்கள் தெருவுக்குள் வந்தது நான் கல்லூரி முடித்த பிறகு.

முடிவு வந்த மறுநாள் காலை, போர்வெல் குழாயடியில் வழக்கம்போல் கூட்டம். மஞ்சள், பச்சை, சிவப்புப் பிளாஸ்டிக் குடங்கள் வளைந்து வளைந்து நின்றன. அம்மாவோடு நானும் போயிருந்தேன். சித்தி குடத்தோடு வந்தாள். யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எதிர்வீட்டு அக்கா எழுந்துபோய், சித்தியின் கையிலிருந்த குடத்தை வாங்கி, வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் குழாய்க்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்தாள். இரண்டு மூன்று பேர் தங்கள் குடங்களைப் பின்னுக்கு நகர்த்தி வழிவிட்டார்கள்.

"நீ முதல்ல புடிச்சிக்கடி" என்றாள் பூக்காரப் பெரியம்மா.

சித்தி குழாயடிக்குப் போனாள். குனிந்து குடத்தை எடுத்தாள். தண்ணீர் பிடிக்கத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தோம். இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் தாண்டி வந்து, வரிசையின் கடைசியில், எங்கள் குடத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்? வந்த வரிசையில புடிக்கலாம்" என்றாள்.

அம்மா திரும்பவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஒவ்வொரு குடமாக நிறையும் சத்தம் மட்டும் கேட்டது. குடங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. எங்களுக்கு முன்னால் இருந்த குடமும் நிறைந்து போய்விட்டது. அம்மா அப்படியே நின்றாள். பின்னாலிருந்து சித்தி தன் அக்காவின் முதுகில் கை வைத்தாள்.

"நகருக்கா" என்றாள் மெதுவாக. "இப்ப உன் முறை."